சீனப் பேரு வைக்கப் போறியளா?

போன இதழ்ல, சீனாவுக்குப் படிக்கவோ யாவாரத்துக்கோ போறவிய உங்க சந்தேகத்த எழுதி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம்லா. விசா, குளிரு, சாப்பாடுன்னு வரும்னு பாத்தா பாதிக்கு மேல பேரப் பத்தித்தான் வந்திருக்கு. அதனால இந்த மாசம் மொத்தப் பக்கமும் அதுக்கே. பதில் சொல்லுறது பாளையங்கோட்டையில சீன மொழி சொல்லிக் குடுக்கிற டீச்சர்.

கேள்வி: டீச்சர், அடுத்த மாசம் சீனாவுக்கு எம்பிபிஎஸ் படிக்கப் போறேன். கிளாஸ்ல எல்லாருக்கும் சீனப் பேரு வைப்பாவன்னு சீனியர் அக்கா சொன்னாவ. கட்டாயம் வைக்கணுமா? என் பேரு வேற நீளம். பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா கெடக்கு, அவங்களுக்கு குடும்பப் பேருதான் முக்கியம்னும் சொல்லுதாவ. நான் என்ன செய்யட்டும்?
– இசக்கியம்மாள், சங்கரன்கோவில்

பதில்: தாயி, மொதல்ல ஒண்ண மனசுல போட்டுக்கோ, விசா, தங்குற பெர்மிட், பேங்க் கணக்கு, ரயில் டிக்கெட், இதெல்லாம் பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அந்தப் பேருலதான். ஒரு எழுத்து கூடவோ குறையவோ விடாத. முக்கியமா நாளைக்கு டிகிரி சர்டிபிகேட் வாங்கும்போது பாஸ்போர்ட் பேருதான் அதுல இருக்கான்னு நின்னு பாத்து வாங்கு, ஏன்னா நீ திரும்பி வந்து இங்க பரீட்சை எழுதி பதிவு பண்ணும்போது எல்லா பேப்பர்லயும் ஒரே பேரு இருக்கணும். சீனப் பேரு வேற வேலைக்கு. கிளாஸ்ல டீச்சர் கூப்பிட, ஹாஸ்டல் பிள்ளைங்க கூப்பிட, பெறவு வார்டுக்குப் போனியன்னா படுத்துக் கெடக்குற வயசான நோயாளி உன்னக் கூப்பிட. கட்டாயம்னு இல்ல, ஆனா வச்சுக்கோன்னுதான் சொல்லுவேன். அந்தப் பாட்டிக்கு "இசக்கியம்மாள்" வாயில நுழையாது, நுழையலன்னா கூப்பிடாம இருந்துருவாவ, கூப்பிடாத பிள்ளைட்ட வலி எங்கன இருக்குன்னு எப்படிச் சொல்லுவாவ?

சீனப் பேருல குடும்பப் பேரு முன்னால வரும், பெரும்பாலும் ஒரே எழுத்து, ஒரே அசை. பின்னால சொந்தப் பேரு ஒண்ணு இல்லன்னா ரெண்டு எழுத்து. மொத்தமே ரெண்டு, மூணு அசைக்குள்ள முடிஞ்சுரும். யாவ் மிங்ல யாவ் குடும்பப் பேரு, ஷி ஜின்பிங்ல ஷி குடும்பப் பேரு. ஒயாங், சிமா மாதிரி ரெண்டு எழுத்துக் குடும்பப் பேரும் உண்டு, கொஞ்சந்தான். சோங் ராஜாக்க காலத்துல தொகுத்த ஒரு பழைய குடும்பப் பேரு பட்டியல்ல 504 பேரு இருக்கு, ஆனா ஊர்ல பாத்தா வாங், லி, ஜாங், இந்த மூணு குடும்பமே சேந்து ஜனத்தொகையில 20 சதவீதத்துக்கு மேல வந்துரும்.

சர்நேம் இல்லையேன்னு கவலப்படாத. நாம இனிஷியல முன்னாலதான் போடுறோம், அப்பா பேரு முன்ன, நம்ம பேரு பின்ன. சீனாக்காரங்க வரிசையும் அதேதான், வெள்ளக்காரங்களுக்குத்தான் தலைகீழு. அதனால அப்பா பேரோட மொத ஓசைய எடுத்து குடும்பப் பேரா வச்சுக்கலாம், இல்லன்னா உன் பேரோட மொத ஓசையவே எடுத்துக்கலாம், ரெண்டுமே செல்லும். ஆனா அந்த ஓசை அங்க நெசமாவே இருக்குற குடும்பப் பேரா இருக்கணும். அப்பா பேரு செல்லத்துரைன்னு வையி, சென்-ன்னு கோடிக்கணக்கான பேருக்கு இருக்குற குடும்பப் பேரு ரெடியா கெடக்கு. வேலாயுதம்னா வேய். சுப்பிரமணியம்னா சு. அன்பழகன்னா ஆன். ராமசாமி, ராஜான்னா லுவோ, ஏன்னா நம்ம ர-வுக்கு நேரா அவங்க ல-வத்தான் போடுவாங்க. உனக்கு யி-ன்னு ஒரு குடும்பப் பேரு இருக்கு, எழுதவும் சுலபம்.

இப்ப சொந்தப் பேரு. இங்கதான் நெறய பேரு தடம் மாறுதாவ. "இசக்கியம்மாள்"ங்கறத அப்படியே யி-சா-ஜி-யா-மா-ன்னு நீட்டி எழுதிட்டா அது பேரு இல்ல, வெளிநாட்டுப் பேர சீன எழுத்துல எழுதினதுதான். பேப்பர்ல வெளிநாட்டுத் தலைவருங்க பேர அப்படித்தான் போடுவாங்க, காந்தி கான்தி ஆவாரு, தாகூரு தாய்கஅர் ஆவாரு. நியூஸுக்கு அது சரி, பக்கத்து பெஞ்சுல இருக்குறவ கூப்பிட சரிப்படாது. அதுவும் போக, அசைக்குக் கடைசியில ம், ல், ட் எல்லாம் பெய்ஜிங் சீனத்துல நிக்காது, ன், ங் ரெண்டும்தான் நிக்கும், சில எடத்துல ஒரு ர் வரும். கி-ங்கற ஓசையே கெடையாது, அது ச்சி ஆயிரும். அப்பம் இசக்கிக்கு யி ஷாச்சி-ன்னு ஒண்ணு அமையும். ஷா பொம்பளப் பிள்ளைங்க பேருல வர்ற எழுத்து, ச்சி-ன்னா நல்ல ஒசந்த பச்சைக்கல். ஓசையும் உன்னத விட்டு வெலகல, அர்த்தமும் நல்லாருக்கு. இது என் யோசனைதான், முடிவு அங்க போய் எடு.

சிங்கப்பூர் ஜனாதிபதி தர்மன் சண்முகரத்தினம் பேர எடுத்துப் பாரேன். சீனத்துல அவரு ஷாங் தாமான். சண்முகரத்தினத்துல இருந்து ஷாங், அது நெசமாவே இருக்குற குடும்பப் பேரு, தர்மன்ல இருந்து தாமான். மூணே அசை, சீனப் பேரு மாதிரியே இருக்கு, கேட்டா தர்மன்னும் தெரியுது. அங்க மந்திரியா இருக்குற கா. சண்முகம் ஷாங் முகன், முந்தி மந்திரியா இருந்த ஜெயக்குமார் ஜியா குமா. தமிழ்ப் பேரு சீன வாய்க்குள்ள எப்படி அழகா உக்காருதுன்னு படிக்கணும்னா சிங்கப்பூரத்தான் பாக்கணும்.

ரெண்டு மூணு பேரு தயார் பண்ணிக்கிட்டு கிளாஸ் டீச்சர்ட்ட காட்டு, அதோட நிறுத்தாம உன் வயசுப் பிள்ளை ஒருத்தியிட்டயும் காட்டு. வயசானவங்க வைக்கிற பேரு சில சமயம் அந்தக் காலத்துப் பேரா இருக்கும். 1949க்குப் பெறவு பொறந்த தலைமுறையில நாட்டக் கட்டுன்னு அர்த்தம் வர்ற ஜியான்குவோ ரொம்ப பிரபலம், இன்னைக்கு ஒரு இருபது வயசுப் பையனுக்கு வச்சா தாத்தா பேரா இருக்கும். இப்பத்த பிள்ளைங்களுக்கு ட்ஸிஷுவான், ட்ஸிஹான்னு வேற ஃபேஷன். அந்த வித்தியாசம் அங்க வளந்த காதுக்குத்தான் புரியும், எந்த ஆப்பும் உனக்குச் சொல்லாது.

கேள்வி: டீச்சர், சீனாவுல யீவூ மார்க்கெட்ல சாமான் எடுத்து விக்கிறேன். விசிட்டிங் கார்டுல சீனப் பேரு போடணும்னு ஏஜென்ட் சொல்லுதாரு. நம்ம ஊரு முத்துக் குளிச்ச ஊரு, என் பேருலயும் முத்து இருக்கு. முத்துக்கு சீனத்துல என்ன வார்த்தையோ அதையே வச்சுக்கிடலாமா? இல்லன்னா டிராகன், புலின்னு கெத்தா ஒண்ணு?
– சுடலைமுத்து, தூத்துக்குடி

பதில்: அண்ணாச்சி, முத்துக்கு ஜென்ஜூ. அந்தப் பேர ஏற்கெனவே ஒருத்தங்க வச்சிருக்காவ. 1938ல நோபல் பரிசு வாங்குன அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக், சீனாவுல வளந்தவங்க. பேர்ல்னா முத்துல்லா, அதனால ஜென்ஜூ, கூட அவங்க அப்பா வீட்டுப் பேரான சைடன்ஸ்ட்ரிக்கர்ல இருந்து மொத ஓசை சாய், ஆக சாய் ஜென்ஜூ. அவங்களுக்கு அருமையா அமைஞ்சது, ஆனா அது பொம்பளைங்க பேரு. உங்க கார்டப் பாத்துட்டு ஒரு அக்காவ எதிர்பாத்து நிப்பாங்க. நேரா மொழிபெயர்த்து வைக்கிறதுல உள்ள சிக்கலே இதுதான், அர்த்தம் சரியா வரும், ஆணா பெண்ணா, பழசா புதுசா, பேருதானான்னு பாத்தா ஒண்ணும் ஒட்டாது.

டிராகன், புலி, வீரம், வெற்றின்னு ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்காதிய. கம்ப்யூட்டர்ல பேரு போட்டுக் குடுக்குற எடத்துல அப்படித்தான் வரும், வாள் சண்டக் கதையில வர்ற ஆளு பேரு மாதிரி இருக்கும். யாவாரத்துல உங்க பேரு அமைதியா, நாணயமா ஒலிக்கணும். சுடலைமுத்துல இருந்து சு எடுத்துக்கோங்க. நல்ல பழைய குடும்பப் பேரு, பெரிய கவிஞர் சு தோங்போ அந்தக் குடும்பந்தான். பின்னால மிங் மாதிரி வெளிச்சம்னு அர்த்தம் வர்ற ஒரு எழுத்து, இல்லன்னா நேர்மைன்னு அர்த்தம் வர்ற எழுத்து.

கார்டு அடிக்குறதுக்கு முன்னால முழுப் பேரையும் சத்தமா, வேகமா, ரெண்டு மூணு சீனாக்காரங்க முன்னால சொல்லிப் பாத்துருங்க. தனித்தனியா நல்ல எழுத்தா இருக்கும், சேத்துச் சொல்லும்போது வேற வார்த்தையா கேக்கும். ஃபான்ங்கறது நல்ல குடும்பப் பேருதான், ஆனா பின்னால தோங் போட்டிங்கன்னா சோத்துப் பானைன்னு கேக்கும், ஒண்ணுக்கும் ஒதவாதவன அவங்க அப்படித்தான் திட்டுவாங்க. து-ங்கற குடும்பப் பேருக்குப் பின்னால ட்ஸிதெங் வச்சா வயித்துவலின்னு கேக்கும். அங்க அப்பா அம்மாமாருங்க பிள்ளைக்குப் பேரு வைக்கும்போது இத உக்காந்து சோதிக்காங்க, நாம சோதிக்காம வைக்கலாமா?

கேள்வி: அம்மா, நான் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். என் பேரனுக்கு எங்க அப்பா பேர வச்சோம். இப்ப ஷாங்காய்ல வேலைக்குப் போனவன் போன்ல வேற என்னமோ ஒரு பேரு சொல்லுதான். மனசு கேக்கல. பெத்தவங்க வச்ச பேர விட்டுட்டுத்தான் பொழைக்கணுமா?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: ஐயா, உங்க வருத்தம் எனக்கு நல்லா வெளங்குது. வீட்ல மூத்த பேரனுக்குத் தாத்தா பேரு, பேத்திக்கு ஆச்சி பேருன்னு வச்சு அந்தப் பேரையே அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோற மண்ணு இது. உங்க பேரன் பாஸ்போர்ட்ல, சம்பளக் கணக்குல, உங்க குடும்பத்துல அந்தப் பேரு அப்படியே இருக்கு, அத யாரும் எடுக்கல, எடுக்கவும் கூடாது. தெரிஞ்சுக்கோங்க, சீனாவுல இது நேர் எதிரு. அங்க பெரியவங்க பேருல உள்ள எழுத்த பிள்ளைக்கு வைக்கிறது மரியாதைக் குறைவு. ராஜா பேருல வர்ற எழுத்த நாட்டுல யாருமே எழுதக்கூடாதுன்னு இருந்த காலமும் உண்டு. பெரியவங்க பேர நாம திருப்பித் திருப்பி வச்சு மரியாதை செய்யுதோம், அவங்க தொடாம இருந்து மரியாதை செய்யுதாங்க.

1924ல தாகூர் சீனாவுக்குப் போயிருந்தாரு. அந்த மே 8ஆம் தேதி பொறந்தநாள பெய்ஜிங்ல கொண்டாடி, லியாங் ச்சிசாவ்ங்கற பெரிய அறிஞர் அவருக்கு ஜூ ஜென்தான்னு ஒரு சீனப் பேர வச்சாரு. ஜூங்கறது இந்தியாவச் சீனாக்காரங்க பழங்காலத்துல சொன்ன பேருல இருந்து எடுத்தது, ஜென்தான்ங்கறது சீனாவ இந்தியாக்காரங்க பழங்காலத்துல சொன்ன பேரு. ரெண்டு நாட்டையும் ஒரே பேருக்குள்ள வச்சு ஒரு மனுசனுக்குக் குடுத்தாங்க, எனக்குத் தெரிஞ்சு ஒரு வெளிநாட்டாளுக்கு இத விட அழகா ஒரு பேரு அமஞ்சதில்ல. அதே லியாங்கோட மகன் லியாங் சிச்செங், கட்டடக்கலை அறிஞர், பின்னால அமெரிக்க வரலாற்றாளர் ஜான் கிங் ஃபேர்பேங்குக்கு ஃபெய் ஜெங்ச்சிங்னு வச்சாரு. ஃபேர்பேங்குக்கு ஃபெய், ஜான் கிங்குக்கு ஜெங்ச்சிங், அர்த்தம் பாத்தா நேர்மையும் தெளிவும். சிநேகிதன நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்து யோசிச்சு வச்ச பேரு அது.

சோலாப்பூர்ல பொறந்த டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1938ல சீனா மேல ஜப்பான் படையெடுத்து நடந்த சண்டையில அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பாக்க இந்தியாவுல இருந்து அஞ்சு டாக்டருங்க போனாங்க. அஞ்சு பேரும் தங்க சீனப் பேருக்குக் கடைசியில ஹ்வா-ன்னு ஒரே எழுத்த வச்சுக்கிட்டாங்க, சீனாங்கறதுக்கு உள்ள எழுத்து அது. கோட்னிஸ் கெ திஹ்வா ஆனாரு. அங்கயே குவோ ச்சிங்லான்ங்கற பொண்ணக் கட்டி, பொறந்த பையனுக்கு யின்ஹ்வா-ன்னு பேரு வச்சாங்க, யின் இந்தியா, ஹ்வா சீனா. 1942 டிசம்பர் 9ஆம் தேதி 32 வயசுல அங்கயே எறந்தும் போனாரு. இன்னைக்கும் சீனாவுல கோட்னிஸ்னு சொன்னா யோசிப்பாங்க, கெ திஹ்வான்னு சொன்னா முகம் மாறிரும். அவரு கோட்னிஸ்ங்கற பேர எங்க தொலைச்சாரு? ரெண்டு பேரும் சேந்துதான் அவரு.

நம்ம பக்கத்துக்கே வாங்களேன். இத்தாலியில இருந்து வந்த பெஸ்கி பாதிரியார் காமநாயக்கன்பட்டியில இருந்தவரு, மொதல்ல தைரியநாதர்னு பேரு வச்சுக்கிட்டு பெறவு வீரமாமுனிவர் ஆனவரு. தமிழ் வாத்தியார் உங்களுக்கு நான் சொல்லணுமா, அவரு பெஸ்கியாவே இருந்திருந்தா அவரச் சின்னப் பிள்ளையிலருந்து நம்ம ஆளுன்னு சொல்லிருப்போமா? அவருக்கு முன்னாலயே 1582ல சீனக் கரையில உள்ள மக்காவ்ங்கற ஊருக்கு வந்து எறங்குன இத்தாலிப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி, லி மாதோ-ன்னு பேரு வச்சுக்கிட்டுத்தான் சீன அறிஞர்கள்ட்ட பேசப் போனாரு. ரிச்சியோட ரி அங்க லி ஆச்சு, மத்தேயோ மாதோ ஆச்சு. உங்க பேரன் புதுப் பேரு சொல்லுதான்னா அங்க அவனக் கூப்பிட ஆளு இருக்குன்னு அர்த்தம் ஐயா. அடுத்த தடவ போன் வந்தா அந்தப் பேரு யாரு வச்சது, என்ன அர்த்தம்னு கேளுங்க, ஆசையாச் சொல்லுவான்.

கேள்வி: டீச்சர், நான் முகமது. குவாங்ஜோ கண்காட்சிக்குப் போகணும். எங்களுக்குப் பொருந்துற மாதிரி குடும்பப் பேரு அங்க உண்டுமா?
– மேலப்பாளையம் வாசகர்

பதில்: உண்டும் தம்பி, மா. எழுத்துக்கு அர்த்தம் குதிரை, ஆனா அங்க உள்ள ஹுய் முஸ்லிம் குடும்பங்கள்ல நெறய பேருக்கு அதுதான் குடும்பப் பேரு, முகமதுங்கறதோட ஓசையில இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. மா-ன்னு சொன்ன ஒடனே ஹலால் கட எங்க இருக்குன்னு அவங்களே கூட்டிட்டுப் போவாங்க. மு-ன்னும் ஒண்ணு இருக்கு, அதுவும் பொருந்தும்.

இதுல ஒரு சேதி. ஏழு தடவ பெருங்கப்பல் கூட்டத்தோட இந்தியப் பெருங்கடல்ல வந்துபோன சீனத் தளபதி ஜெங் ஹ, யுன்னான் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, பொறந்தப்ப மா குடும்பந்தான். ஜெங்ங்கற குடும்பப் பேரு பின்னால யோங்லெ ராஜா குடுத்தது. அவரு கொண்டுவந்து வச்ச கல்லு 1911ல இலங்கையில காலி ஊர்ல கெடச்சுது, 1409ஆம் வருசத்து தேதி போட்டது, இப்ப கொழும்பு மியூசியத்துல இருக்கு. சீனம், தமிழ், பாரசீகம் மூணும் ஒரே கல்லுல. தமிழ்ப் பகுதியில தேனாவரை நாயனார்ங்கற சாமிக்குக் காணிக்கை குடுத்தது எழுதியிருக்கு. அந்தக் காலத்து சீனக் குறிப்புகள்ல நம்ம காயல் பேரும் ஜியாயிலெ-ன்னு வருது. ஊரு பேரக்கூட அவங்க வாய்க்குத் தக்கன மாத்தித்தான் கூப்பிட்டிருக்காங்க. பழையகாயல் மண்ணுல சீனப் பீங்கான் துண்டு கெடந்தத நம்ம இடையன்குடி கால்டுவெல் ஐயரு எழுதி வச்சிருக்காரு. நீங்க போறது புதுப் பாதை இல்ல தம்பி.

கேள்வி: நட்சத்திரம், நியூமராலஜி பாத்து சீனப் பேரு வைக்கலாமா?
– வள்ளியூர் வாசகி

பதில்: அங்கயும் பாக்காங்க அக்கா. பொறந்த வருசம், மாசம், நாள், நேரத்த வச்சு எட்டு எழுத்துக் கணக்கு உண்டு, அதுல தண்ணி, மண்ணு, மரம், நெருப்பு, உலோகம் இதுல எது குறையுதோ அந்த எழுத்தப் பேருல சேப்பாங்க. எழுத்துல எத்தன கோடுன்னு எண்ணுறதும் உண்டு. உங்களுக்கு நம்பிக்கை இருந்தா பாருங்க, வெளிநாட்டாளுட்ட யாரும் அதக் கேக்கப் போறதில்ல. ஆனா கணக்குக்குப் பொருந்துதுன்னு யாருக்கும் தெரியாத அபூர்வ எழுத்தத் தேடிப் போகாதிய. 2013ல அரசாங்கம் வெளியிட்ட பொதுப் பட்டியல்ல 8,105 எழுத்து இருக்கு, அதுல இல்லாத எழுத்தப் பேருல வச்சிருக்குற சீனாக்காரங்களே பேங்க்ல கம்ப்யூட்டர் அத ஏத்துக்காம அல்லாடுதாங்க.

கேள்வி: பேரு வச்சாச்சு டீச்சர். ஆனா நான் சொன்னா அவங்களுக்குப் புரியல. திரும்ப எழுதிக் காட்டச் சொல்லுதாங்க. யாரு யார எப்படிக் கூப்பிடணும்னும் தெரியல.
– திசையன்விளை வாசகர், இப்ப ஹாங்ஜோவுல வேல

பதில்: தம்பி, ஓசையோட ஏத்த எறக்கம் தப்பா இருக்கும். நாலு வகை ஏத்த எறக்கம், எடுப்பில்லாம லேசாச் சொல்லுறது ஒண்ணு தனி. வாங்-ன்னு கீழருந்து மேல ஏத்துனா குடும்பப் பேரு, மேலருந்து கீழ எறக்குனா மறக்குறதுங்கற வார்த்தை. உன் பேரு மூணு அசைதான, அந்த மூணையும் ஒரு சீன சிநேகிதனச் சொல்லச் சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணி தெனமும் கேளு, கேட்டுக்கிட்டே கூடச் சொல்லு. மத்த பாடம் எல்லாம் பைய வரட்டும், சொந்தப் பேரு மொத வாரத்துலயே சுத்தமா வந்துரணும்.

நமக்கு ரெண்டு வசதி இருக்கு, வெள்ளக்காரங்களுக்கு அது இல்ல. சீன ஓசைய இங்கிலீஷ் எழுத்துல எழுதும்போது பி (b), டி (d), ஜி (g)-ன்னு போட்டிருக்குறது எல்லாம் நாம வார்த்தையோட மொதல்ல சொல்லுற ப, த, க தான், தொண்டையில அதிர்வு வேண்டாம். அந்த பி-க்குப் பதிலா இங்கிலீஷ் 'பென்'ல வர்ற எழுத்து (p) இருந்தா அதே ப-வ காத்து விட்டுச் சொல்லணும், உள்ளங்கைய வாய்க்கு நேரா வச்சா காத்து படணும். இன்னொண்ணு, ஆளுங்கறதுக்கு உள்ள வார்த்தையில ஆர் போட்டிருக்குல்லா, அத ர-ன்னு சொல்லாத, நம்ம ழ-வுக்கு ரொம்பக் கிட்ட வர்ற ஓசை, ழென்-ன்னு சொல்லு. நாக்கு மடங்குறது நமக்குப் புதுசு இல்ல.

கூப்பிடுறது எப்படின்னா, பெரியவங்கள வெறும் பேரச் சொல்லிக் கூப்பிடாத. குடும்பப் பேரும் பதவியும் சேத்துத்தான். வாங் டீச்சர்னா வாங் லாவ்ஷி, லி டாக்டர்னா லி யிஷெங், மேனேஜர் ஜாங்னா ஜாங் ஜிங்லி. உன்ன விட மூத்த சிநேகிதருக்கு முன்னால லாவ், எளையவனுக்கு முன்னால ஷியாவ். உன்ன அவங்க ஷியாவ் சு-ன்னோ ஷியாவ் சென்-ன்னோ கூப்பிட ஆரம்பிச்சா சந்தோசப்படு, நெருங்கிட்டாங்கன்னு அர்த்தம். கல்யாணம் ஆன பொம்பளைங்க பொறந்த வீட்டுக் குடும்பப் பேரத்தான் வச்சிருப்பாங்க, அதனால வீட்டுக்காரரு பேரு வாங்னா அந்தம்மாவையும் வாங்னு கூப்பிட்டுராத, கேட்டுக்கோ.

எழுதிக் காட்டச் சொல்லுறது ஒன் ஓசைத் தப்பு மட்டுமில்ல, ஒரே ஓசையில பத்துப் பதினஞ்சு எழுத்து இருக்கு. அவங்களே போன்ல பேரு சொல்லும்போது எழுத்தப் பிரிச்சுத்தான் சொல்லுவாங்க, மரமும் பிள்ளையும் சேந்த லி, வில்லும் நீளமும் சேந்த ஜாங், காதும் கெழக்கும் சேந்த சென், ரெண்டு மரம் லின்-ன்னு. நாம மூணு சுழி ணவா ரெண்டு சுழி னவான்னு கேக்குறோம்லா, அப்படி. உன் பேருல இருக்குற ஒவ்வொரு எழுத்துக்கும் இப்படி ஒரு வரி சிநேகிதங்கிட்ட கேட்டு மனப்பாடம் பண்ணி வச்சுக்கோ, கொரியர்காரன் போன் பண்ணும்போது அதுதான் ஒதவும்.